இந்த ஊருக்கு என்னைக் கொண்டுவந்தது யார்?

கேள்வி, சுருக்கமாக: “பிறந்தது போடி பக்கம். கல்யாணமாகிச் சேலம் போனேன். கணவர் வேலை பார்த்த மில் மூடியதும் திருப்பூர், அங்கிருந்து கடலூர். இப்போது மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. அவருக்குச் சிப்காட்டில் வேலை. நான் தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ‘உன்னை இங்கே கொண்டுவந்தது நம்ம ஊர்ச் சிவன் பாடலீஸ்வரர்தான்’ என்கிறார் வீட்டுக்கார அம்மா. ‘கொண்டுவந்தது மில் முதலாளி’ என்கிறார் என் கணவர். வாழ்க்கை தள்ளிவிட்ட ஊர்களில் கடவுளின் வழிகாட்டல் இருக்கிறதா? இருந்தால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? சேலத்திலேயே இப்போது அவருக்கு ஒரு வேலை கூடிவருகிறது. போவதா வேண்டாமா என்று பூப்போட்டுப் பார்க்கலாமா?”

பதில்:

உங்கள் கணவர் சொல்வதும் வீட்டுக்கார அம்மா சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். மில் மூடியது காரணம். கொண்டுவந்தது யார் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை தெரிந்துவிட்டதால் இரண்டாவது செத்துப்போவதில்லை. இரண்டாவதை நம்புவதால் மில் மூடியது பொய்யாகிவிடுவதும் இல்லை. நீங்கள் தினமும் போய்வரும் புதுச்சேரியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது.

1908-இல் பாரதி அங்கே போனார். ‘இந்தியா’ பத்திரிகையின் பேரில் வழக்கு வந்தது, அடுத்த கைது இவர்தான் என்று நண்பர்கள் பயந்தார்கள், பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. காரணம் அவ்வளவுதான். 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி வங்கத்து அரசியல் தலைவர் அரவிந்தர் அங்கே கப்பலைவிட்டு இறங்கியபோதும், போலீஸ்காரர் கண்ணுக்கு அதே காரணம்தான் தெரிந்திருக்கும். ஆனால் அரவிந்தர் தாம் ஒரு கட்டளையைக் கேட்டதாகச் சொன்னார்: முதலில் வங்கத்திலிருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூருக்குப் போ என்று, பிறகு புதுச்சேரிக்குப் போ என்று. ஒரே ஊர், ஒரே அரசாங்கத்துக்குப் பயந்த காலம். ஒருவருக்கு அது தெய்வ ஆணை, இன்னொருவருக்குப் பத்து வருஷ அஞ்ஞாதவாசம்.

பாரதியின் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை நுழையத் தடை வந்தது. 1910-இல் ‘இந்தியா’ நின்றே போனது. கடன், வீட்டைச் சுற்றி உளவாளிகள், வேலையில்லாத பகல்கள். அரசியல் எழுத வழி அடைபட்ட அந்தக் கையிலிருந்துதான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் வந்தன. குயில் கூவுகிற மாஞ்சோலை புதுவைக்கு மேற்கே இருப்பதாகவே அவர் பாடியிருக்கிறார். மணக்குள விநாயகருக்கு நான்மணிமாலை கிடைத்ததும் அப்போதுதான். இன்று பின்னால் நின்று பார்க்கிற நமக்கு, அந்த அடைப்பே வழிகாட்டலாக இருந்ததோ என்று தோன்றுகிறது. தோன்றட்டும். ஆனால் 1910-இல் யாராவது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து “எல்லாம் நல்லதுக்குத்தான் சாமி” என்று சொல்லியிருந்தால் மனுஷர் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்திருப்பார். 1918 நவம்பரில் பொறுக்க முடியாமல் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கைது. மூன்று வாரத்துக்கு மேல் நம் கடலூர்ச் சிறையில் இருந்தார்.

கட்டளை கேட்டவருக்காவது எல்லாம் தெளிவாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சாதகமான காலம் வந்ததும் அரசியலுக்குத் திரும்புகிற எண்ணம் தமக்கு இருந்ததாக அரவிந்தரே பின்னால் எழுதியிருக்கிறார். திரும்பவில்லை. 1950-இல் அங்கேயே உயிர் நீத்தார், நாற்பது வருஷம் கழித்து. ‘எங்கே போ’ என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. ‘எதற்காக’ என்பது போன பிறகு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அரவிந்தரின் ஆன்மிகத் துணையான ஸ்ரீ அன்னை 1914 மார்ச்சில் முதலில் வந்தார். போர் வந்து அடுத்த வருஷமே கிளம்ப வேண்டியதாயிற்று. பிரான்ஸ், ஜப்பான் என்று சுற்றி 1920 ஏப்ரலில்தான் திரும்பி வந்தார். சேர வேண்டிய இடத்துக்கு ஒருமுறை வந்தவரும் அதைவிட்டுப் போக நேர்கிறது. நீங்கள் சேலத்தை விட்டதையும், அங்கேயே திரும்ப வாய்ப்பு வருவதையும் வைத்து, நடுவில் இருந்த ஊர்கள் எல்லாம் வீண் என்றோ சோதனை என்றோ கணக்குப் போட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, பாடலீஸ்வரருக்கு வருவோம். வீட்டுக்கார அம்மா அவர் பேரைச் சொன்னது எனக்குச் சந்தோஷம். நீங்கள் கேட்ட கேள்விக்கு, அவர் கோயில் இருக்கும் நம் கடலூரின் இந்தத் திருப்பாதிரிப்புலியூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. (சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.)

அப்பர் பிறந்தது பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். மருள்நீக்கியார் என்று பேர். அப்பா அம்மா போனார்கள். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்தார். அக்காவும் உயிரை விடத் துணிந்தாள். தம்பிக்கு யாருமில்லையே என்று இருந்துவிட்டாள். இத்தனை சாவைப் பார்த்த பையன் நிலையாமையைப் பேசிய சமணத்தை நாடியதில் ஆச்சரியமில்லை. போய்ச் சேர்ந்த இடம் பாடலிபுத்திரம் என்கிறார் சேக்கிழார். பீகாரில் உள்ளது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் காய்கறி வாங்கப் போகிற இதே திருப்பாதிரிப்புலியூர்தான், பேச்சில் திருப்பாப்புலியூர். அந்தக் காலத்தில் பெரிய சமணக் கல்விக்கூடம் இங்கே இருந்தது. கி.பி. 458-இல் சர்வநந்தி என்ற முனிவர் உலோகவிபாகம் என்ற நூலை எழுதி முடித்த பாடலிகை இதுதான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. அங்கே மருள்நீக்கியார் தருமசேனர் ஆனார். தலைமை இடத்துக்கே உயர்ந்தார்.

பிறகு சூலை நோய். வயிற்றைச் சுருட்டிப் பிடுங்கும் வலி. பள்ளியில் பார்த்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். ‘நான் அங்கே வரமாட்டேன்’ என்று அவள் சொல்லியனுப்பினாள். இரவோடு இரவாக இவரே அக்கா இருந்த கெடில நதியோரத்துத் திருவதிகைக்குப் போனார். அங்கே பாடிய முதல் பதிகத்தை எடுத்துப் பாருங்கள்: “கூற்றாயினவாறு விலக்ககிலீர்.” எமனைப் போல வந்த இந்த நோயை ஏன் விலக்காமல் இருக்கிறீர் என்று நேராகவே கேட்கிறார். இந்த வலி உன் வழிகாட்டல், நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. நோய் இறைவன் தந்த ஆட்கொள்ளல் என்பது, ஐந்நூறு வருஷம் கழித்துக் கதையை முழுதாகப் பார்த்த சேக்கிழார் சொல்வது. வலியில் இருந்தவர் சொன்னது, தாங்க முடியவில்லை, எடுத்துவிடு என்பதுதான். வலியில் இருக்கும்போது அவ்வளவு சொன்னால் போதும், அதுவே தேவாரமாகிவிட்டது.

அதற்கப்புறம், சமணத்தில் இருந்த பல்லவ மன்னன் தொல்லை. நீற்றறை என்ற சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை. கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். “கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்” என்று பாட, கல் தெப்பமாய் மிதந்ததாம். அலை கொண்டுவந்து சேர்த்த கரை எது? கடலூரை ஒட்டி இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து அவர் நடந்து வந்தது, தருமசேனராகப் பல வருஷம் இருந்துவிட்டு ஓடிப்போன அதே ஊருக்கு. தப்பு வழியில் போனேன் என்று அவரே வருந்திய காலமெல்லாம் கழிந்த ஊரில் கடல் அவரை இறக்கிவிடுகிறது. அங்கே பாடலீஸ்வரர் முன்னால் நின்று, தாயுமாய்த் தந்தையுமாய் உடன்பிறந்தாருமாய் இருப்பவனே என்று தொடங்கி, அடியவர்களுக்குத் “தோன்றாத் துணையாய் இருந்தனன்” என்று முடிக்கிறார். இப்போது வந்து காப்பாற்றினாய் என்று அவர் பாடவில்லை. தெரியாமலே துணையிருந்தவன் என்கிறார். அந்தப் பள்ளியில் சிவன் பேரையே சொல்லாமல் இருந்த வருஷங்களையும் அதில் சேர்த்துத்தான் பாடினார் என்று நான் வாசிக்கிறேன். உரைகாரர்கள் எல்லாரும் ஒப்ப வேண்டும் என்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. மனம் மாறிய பல்லவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறது பெரியபுராணம். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு சமண மாணவனை நினைத்துப் பாருங்கள். அவனும் வீடுவிட்டு வந்தவன்தான். அவனும் எங்கேயோ போயிருப்பான். அவன் எந்த ஊர் போய்ச் சேர்ந்தான் என்று எந்தப் புராணமும் பாடவில்லை. அப்பருக்கு வழி திறந்த அதே நிகழ்ச்சி அவனுக்கு வீடு இடிந்த நாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு திட்டம் இருக்கிறது என்று சுலபமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பையனுக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

திருவதிகைக்கே இன்னொரு கதை உண்டு. எனக்கு இதில் சிரிப்பும் வரும். சுந்தரர் அங்கே வந்தார். அப்பர் கையால் தொண்டு செய்த ஊரை நம் காலால் மிதிப்பதா என்று உள்ளே போகாமல், பக்கத்தில் சித்தவடமடத்தில் இரவு படுத்தார். ஒரு கிழவர் வந்து அருகில் படுத்து இவர் தலைமேல் காலை நீட்டினார். ஐயா, கால் படுகிறது என்றால், வயதாகிவிட்டது தெரியவில்லை என்கிறார் கிழவர். சுந்தரர் இடம் மாறிப் படுத்தார். கால் அங்கேயும் வந்தது. மறுபடி மாறினார். மறுபடி வந்தது. கோபித்துக்கொண்டு, யாரையா நீர் என்றார். என்னை நீ அறியாயோ என்று சொல்லிவிட்டு ஆள் மறைந்துவிட்டார். எந்தத் திருவடிக்காக ஊர் ஊராய் அலைந்தாரோ, அது தலையில் பட்டபோதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும் தொந்தரவாகத்தான் தெரிந்திருக்கிறது. எழுந்து எழுந்து இடம் மாறியிருக்கிறார்.

இதே திருவதிகையில் பிறந்த மனவாசகங்கடந்தார், உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூலில் நடராசர் வடிவத்துக்குக் கணக்குச் சொல்வார். உடுக்கையில் படைப்பு, அஞ்சாதே என்று அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, தூக்கிய காலில் முத்தி. தரையில் ஊன்றிய காலில்? மறைப்பு. சைவ சித்தாந்தம் இறைவனுடைய ஐந்து தொழிலில் ஒன்றாக மறைத்தலை வைத்திருக்கிறது. இங்கே மறைப்பும் அருளின் வேலைதான். பாத்திரம் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டு, வாடகைக்குக் கவலைப்பட்டுக்கொண்டு நாம் வாழ்வை அனுபவித்துக் கழிப்பதற்கு அந்த மறைப்பு வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனவே ‘இந்த ஊரில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லையே’ என்பது, அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. இருக்கிறது என்பதற்கும் ஆகாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் எனக்கு இருக்கும் ஒரு மனத்தாங்கல். நல்ல மனசோடு சொல்லியிருப்பார். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல உரிமை உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். புதுவையில் உங்களோடு வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தோழிகள் யாராவது இருந்தால் யோசேப்பு கதையைக் கேளுங்கள். அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளி அடிமையாக விற்றார்கள். அவன் எகிப்துக்குப் போய்ப் பெரிய அதிகாரியாகி, பஞ்சத்தில் அதே அண்ணன்மாருக்குத் தானியம் கொடுக்கிறான். “என்னை இங்கே அனுப்பியது நீங்கள் அல்ல, தேவனே” என்கிறான். ஆதியாகமம் 45-ஆம் அதிகாரம். இதை விற்கப்பட்டவன் சொன்னதால் வேதவாக்காயிற்று. விற்ற அண்ணன்மார் சொல்லியிருந்தால்? “தம்பி, நாங்களா தள்ளினோம், தேவன் தள்ளினார்” என்றால் காறித் துப்பத் தோன்றாதா? உங்கள் கணவருடைய மில் முதலாளி பாக்கிச் சம்பளம் ஏதும் வைத்திருந்தால், அது தெய்வச் செயலாகிவிடாது. கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அதிகம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்தில் என்ன நடந்தது என்று அங்கே வயதானவர்களைக் கேட்டாலே தெரியும். ‘அன்றைக்கு நான் வெளியூர் போனதே ஆண்டவன் வழிகாட்டல்’ என்று தப்பியவர் தன் மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் விழும்படி சொல்லக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. தலைமுறை மரங்கள். மரம் போய் வேறு ஊருக்குக் கூலிக்குப் போனவரிடமும், நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போய் இடம் மாறியவரிடமும், கடவுள்தான் உங்களை நகர்த்தினார் என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது. அவர்களே ஒருநாள் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது என்று கேட்பீர்கள். நான் பெரியபுராணம் சொல்லிக்கொடுக்கும்போது கவனித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். சம்பவங்களைத் தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். இன்ன தேதியில் இன்ன தற்செயல், இன்ன எண்ணில் வீடு, கனவில் இன்ன நிறம் என்று அடையாளம் தேட ஆரம்பித்தால் எதிலும் கிடைக்கும். மனசு அப்படிப்பட்ட கள்ளன். அப்பர் கதையில் மிதந்த கல்லை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது திலகவதியார். தம்பி மதம் மாறி ஊர் மாறிப் பேர் மாறிப் போய்விட்டான். அவள் திருவதிகையில் விடியுமுன் கோயில் கூட்டி மெழுகிக்கொண்டு இருந்தாள். அவன் திரும்பி வந்தபோது வருவதற்கு ஓர் இடம் இருந்ததே, அது அவள் அங்கே இருந்ததால்தான். அவரை நடத்திய கை என்று எதையாவது சொல்லச் சொன்னால் நான் அந்த விளக்குமாறு பிடித்த கையைச் சொல்வேன்.

அதுபோல நீங்கள் போடி, சேலம், திருப்பூர், கடலூர் என்று ஒவ்வோர் ஊரிலும் உங்களுக்குக் கதவு திறந்தவர் யார் என்று யோசியுங்கள். திருப்பூரில் அட்வான்ஸ் இல்லாமல் வீடு கொடுத்தவர் இருந்திருக்கலாம். ஜுரத்தில் கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டுப் பெண் இருந்திருக்கலாம். உங்களால் யாருக்காவது கதவு திறந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் பெரும்பாலும் நம்மை மட்டுமே கதாநாயகியாக வைத்துப் பார்க்கிறோம், ஒருவேளை அந்த ஊரில் நாம் துணைப்பாத்திரமாக அனுப்பப்பட்டிருக்கலாம். ஓர் ஊரில் அப்படி யாருமே ஞாபகம் வரவில்லை என்றால் வலிந்து கற்பிக்க வேண்டாம். அந்த ஊர் அப்படியே இருக்கட்டும். அப்பருக்கே அந்தப் பள்ளி வருஷங்களின் பொருள், கடலில் விழுந்து எழுந்த பிறகுதான் கிடைத்தது.

உங்கள் கணவரைக் கோயிலுக்கு இழுக்க வேண்டியதில்லை. கடவுள் பேரை எடுக்காமலே இதை யோசித்த பாட்டும் நம்மிடம் உண்டு. ‘யாதும் ஊரே’ என்று எல்லாரும் பலகையில் எழுதிவைக்கிற புறநானூற்று 192-ஆம் பாட்டை அவர் முழுதாகப் படிக்கட்டும். ஆற்று வெள்ளம் இழுத்த இழுப்பில் போகும் புணை போல உயிர் முறைவழிப் போகும் என்று கணியன் பூங்குன்றனார் நடுவில் சொல்கிறார். அதனால் பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று முடிக்கிறார். வேலை போய் ஊர் மாறிய ஆணுக்கு இந்தக் கடைசி வரி ஒரு மருந்து. எனக்குத் தெரிந்த பலர் அந்த அவமானத்தில்தான் கடவுளையும் மனுஷரையும் சேர்த்து வெறுத்தார்கள்.

கடைசியாகப் பூப்போட்டுப் பார்க்கும் விஷயம். வெள்ளைப்பூ, சிவப்புப்பூ மடித்துப் போட்டு எடுப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம், நான் பழிக்க மாட்டேன். இரண்டு பக்கமும் சமமாகி, மனசு எதிலும் நிற்காதபோது முடிவெடுக்க அது ஓர் உபாயம். ஆனால் உங்களுக்கு இன்னும் இரண்டு பக்கமும் தெரியவே இல்லையே. சேலத்து வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? பி.எஃப். உண்டா? உங்கள் கடைச் சம்பளம் போனால் வீட்டுக் கணக்கு எப்படி நிற்கும்? பிள்ளைகள் இருந்தால் பள்ளியை வருஷ நடுவில் மாற்ற முடியுமா? இதையெல்லாம் பூ சொல்லாது. விசாரித்து, ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பேசி எடுத்த முடிவும் அவன் வழிகாட்டல்தான் என்று நம்பச் சைவத்தில் தடையேதும் இல்லை.

போவதாக முடிவானால் வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி, அட்வான்ஸைத் திருப்பித் தரும் தேதியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடிக்கும் கூலியைப் பிடித்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். எவ்வளவு என்பதை இப்போதே கேட்டுவிடுவது நல்லது.